மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை: புது வீட்டின் முதல் வருடம்

எங்கள் வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்று வாய்க்கால் ஒன்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாமனார் நாற்றங்காலாக வைத்திருந்த இடத்தைக் கிராவல் அடித்து மேடாக்கிக் கட்டினோம். 2021 ஆவணியில் கிரகப்பிரவேசம். வேலை எடுத்த காண்ட்ராக்டர், ஒரு வருடத்துக்குள் வரும் குறைகளைக் காசில்லாமல் சரிசெய்து தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் விடாத மழை. படுக்கையறையின் வடகிழக்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் தெரிந்தது. புதுப் பூச்சு, காய நாளாகும் என்று விட்டுவிட்டேன். தை பிறந்ததும் மறைந்துவிட்டது. சித்திரையில் அவர் வேறு வேலையாக வந்தபோது சொன்னேன். சுவரைத் தடவிப் பார்த்து, "எங்கக்கா ஓதம்? காஞ்சு கெடக்கே" என்றார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை. ஆவணியோடு வருடம் முடிந்தது. அடுத்த ஐப்பசியில் அதே மூலையில் முறம் அகலத்துக்கு ஈரம் இறங்கி, பெயின்ட் உப்பி உதிர்ந்தது. போன் செய்தால், "வருஷம் முடிஞ்சிருச்சேக்கா" என்றார். கைக்காசு போட்டுத்தான் சரிசெய்தோம்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வீடு கட்டினாலும் கெடு முடிவதற்குள் நானே போய்ப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஏமாந்தது ஒரே விஷயத்தில்தான். நம் டெல்டாவில் வீட்டின் குறைகளுக்குப் பருவம் உண்டு. மழைக்காலத்தில் வரும் குறை கோடையில் ஒளிந்துகொள்ளும், கோடையில் வாய் திறக்கும் வெடிப்பு மழையில் மூடிக்கொள்ளும். கெடு முடிகிற வாரம் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று இருந்தால் பாதிதான் கண்ணில் படும்.

முதலில் உங்கள் கெடு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சொந்த மனையில் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டியிருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கெடு. சிலர் ஆறு மாதம் என்று எழுதுவார்கள், சிலர் எதுவுமே எழுதுவதில்லை. ஆறு மாதம் என்றால் ஒரு பருவம்தான் அதற்குள் வரும். கையெழுத்துக்கு முன்னால் இருப்பவர்கள், ஒரு கார்த்திகையும் ஒரு சித்திரையும் உள்ளே வருகிற மாதிரி எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையில் நூற்றுக்கு ஐந்தாவது அந்தக் கெடு முடிகிறவரை கையில் நிறுத்தி வைப்பதையும் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். நாங்கள் கிரகப்பிரவேசத்தன்றே வெற்றிலை பாக்கோடு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

கட்டி விற்கிற நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் கதை வேறு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கிற திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி வாங்கிய வீட்டுக்கு, சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள், கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ எதைத் தெரிவித்தாலும் 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. என் தம்பி தஞ்சாவூரில் வல்லம் சாலைப் பக்கம் அப்படி ஒரு வீடு வாங்கினான். விற்றவர்கள் கொடுத்த காகிதத்தில் ஒரு வருடம் என்றுதான் அச்சடித்திருந்தது. அவனும் அதையே நம்பிக்கொண்டிருந்தான். உங்களிடமும் அப்படிச் சொல்லியிருந்தால் பத்திரத்தையும் திட்டப் பதிவு எண்ணையும் எடுத்துப் பாருங்கள்.

ஐந்து வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் கூடாது. மோட்டார், ஹீட்டர், குழாய், கதவுப் பூட்டு இவற்றுக்கெல்லாம் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம் தனித்தனி. அந்த அட்டைகளை ஒரு பையில் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன எடுத்துப்போவது

பெரிய கருவி எதுவும் வேண்டாம். டார்ச், பென்சில், சாக்பீஸ், ஐந்து ரூபாய் நாணயம், ஒரு கோலிக்குண்டு, பழைய ஏடிஎம் கார்டு, ஒட்டும் டேப், பிளாஸ்டிக் தாள், கோடு போட்ட நோட்டு. மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் டியூப் லெவலும் தூக்குக்குண்டும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம். கூட ஒரு ஆள் வேண்டும். நீங்கள் மாடியில் தண்ணீர் ஊற்றும்போது கீழே நின்று கூரையைப் பார்க்க இன்னொருவர் இருந்தால்தான் முடியும்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிப்பது பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்களில். நல்ல மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் சரியான நேரம். அந்த இரண்டு பக்கத்து ஜன்னல்களில் ஆரம்பியுங்கள். ஜன்னலின் கீழ்க்கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் விரலால் தடவிப் பாருங்கள். வெளியே ஜன்னல் திட்டு உள்பக்கம் சரிந்திருந்தால் எத்தனை முறை சிலிக்கான் அடைத்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும், திட்டையே கொத்தி வெளிப்பக்கம் சாய்த்துப் பூச வேண்டும். சன்ஷேட்டின் அடிப்பக்க ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காடி இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் சொட்டி விழாமல் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரைத் தொடும். எங்கள் வடகிழக்கு மூலைக்குக் காரணம் அதுவும், மேலே கைப்பிடிச் சுவரில் இருந்த ஒரு வெடிப்பும்தான்.

அடுத்து மொட்டை மாடி. மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஏறுங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ சாக்பீஸால் சுற்றி வரைந்து படம் எடுங்கள். தட்டோடு பதித்திருந்தால் ஒவ்வொன்றாக நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை, அந்த இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை கூராக இல்லாமல் வளைவாகப் பூசப்பட்டிருக்க வேண்டும், ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுற்றியும் பாருங்கள். குழாய்க்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் பென்சில் முனை நுழைந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் தவறிப்போய்விட்டது, கெடுவோ பங்குனியில் முடிகிறது என்றால் நீங்களே மழையை உண்டாக்கலாம். வடிகுழாய் வாயைச் சாக்குத்துணியால் இறுக்கி அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே ஃபேன் கொக்கி, விளக்கு டப்பா, பீம் சேரும் ஓரங்கள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விளக்குத் துளை வழியாகச் சொட்டினால் முதலில் மெயினை அணையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. குளியலறைக்கும் இதே முறைதான். தரைத்துளையை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, பக்கத்து அறைச் சுவரையும் கீழ்த்தளக் கூரையையும் பார்க்க வேண்டும். அடைப்பை எடுத்ததும் தண்ணீர் முழுக்க வடிகிறதா, மூலையில் கொஞ்சம் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கஜா புயலை நாங்கள் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எத்தனை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளும் தகரக் கொட்டகைகளும் பறந்தன என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாடிக்குப் போனால் பிளாஸ்டிக் தொட்டி எதில் கட்டியிருக்கிறது, மாடிப்படி மேலே போட்ட தகரத்தின் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

சித்திரை

என் மாமனாருக்குக் கட்டட வேலை தெரியாது, மண் தெரியும். கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும்போது ஒருநாள் வரப்பில் நின்று, "இந்த வெடிப்புல என் தடிக்கம்பு முழுசா எறங்குது பாரும்மா. வீட்டுக்கு அடியிலயும் இதே மண்ணுதான்" என்றார். அந்த ஒரு பேச்சு எனக்குப் பல விஷயங்களைப் புரியவைத்தது. நம் பழைய டெல்டாவின் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரம் போதிய ஆழம் போகாத இடமெல்லாம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். காம்பவுண்டுச் சுவர், வாசல்படி, போர்டிகோ, வெளியே தனியாக ஒட்டிக் கட்டிய கழிவறை இவைதான் முதலில் விலகும். வல்லம் பக்கம் செம்பாறைப் பூமி, தம்பி வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நான் மண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் குழாயிலும் கரண்டிலும் நேரத்தைச் செலவிட்டேன்.

வெடிப்பைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். பூச்சின் மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் பூச்சு சீக்கிரம் காய்ந்ததாலோ தண்ணீர் சரியாக ஊற்றாததாலோ வந்தவை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வந்தால், அந்த இணைப்பில் கம்பிவலை வைக்காமல் பூசியிருக்கலாம். பூச்சை உரித்து வலை வைத்துப் பூசித் தரச் சொல்லுங்கள். மேல் தளத்துக்குக் கீழே சுவர் ஓரமாகப் படுக்கைவசத்தில் ஓடும் கோடு, வெயிலில் காங்கிரீட் விரிவதால் வருவது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசை வழியே படிப்படியாகவோ இறங்கும் வெடிப்புதான் கவனிக்க வேண்டியது. ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன். அதன் ஓரம் உள்ளே நுழைந்தாலோ, வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தாலோ ஒரு பக்கம் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையிலேயே கோடு விழுந்து துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. இந்த இரண்டுக்கும் காண்ட்ராக்டர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். வேலையில் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து வந்து எழுத்தில் வாங்குங்கள்.

ஒவ்வொரு வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சித்திரையில் போட்ட கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் வெடிப்பு இன்னும் ஓடுகிறது. நடுவில் அதன் மேல் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவதும் உண்டு. கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பெயின்ட் அடித்து மறைக்க யாரையும் விடாதீர்கள்.

கோடையில் மரமும் சுருங்கும். மழைக்காலத்தில் இறுகி நின்ற கதவு இப்போது லூசாக ஆடும். இழைக்கச் சொல்வதற்கு முன் இரண்டு பருவத்திலும் பார்த்துவிடுங்கள், மழையில் அவசரப்பட்டு இழைத்தால் சித்திரையில் தாழ்ப்பாள் எட்டாது.

கீழிருந்து ஏறும் ஈரம்

மேலிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்திவிடலாம், தரையிலிருந்து ஏறும் ஓதம்தான் பிடிவாதமானது. சுவரின் அடியில் ஒன்று, ஒன்றரை அடி உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்கு விட்டால் அதுதான். மேடாக்க அடித்த மண் உவராக இருந்தாலும், போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் வரும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். பூத்த இடத்தில் ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

உள்ளிருந்து வந்தால் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதை வேலையாக ஒத்துக்கொள்ளாதீர்கள். அஸ்திவார மட்டத்தில் ஈரம் தடுக்கும் பூச்சு போட்டார்களா, எங்கே படம் என்று கேளுங்கள். வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் தரை சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிறதா என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள்.

கரையானையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். நிலையின் அடிப்பாகம், பரண் மூலை, சுவிட்ச் டப்பாவின் உள்பக்கம், மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்து மண்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டும்போது மருந்து அடித்தவர் தனியாக உத்தரவாத அட்டை கொடுத்திருப்பார், அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். வந்த பிறகு செய்வதென்றால் தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்த வேண்டும். டைல்ஸ் போட்ட வீட்டில் அது மனசுக்கு வலிக்கிற வேலை.

ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு

ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி நம் வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் ஒரு நாள் ஒதுக்குங்கள். செப்டிக் டேங்கிலிருந்து கழிவுத்தண்ணீர் இறங்கும் உறைக்கிணறு கோடையில் எவ்வளவு ஊற்றினாலும் இழுத்துக்கொள்ளும். நிலத்தடி நீர் ஏறிய பிறகு திணறும். எல்லாக் கழிவறையிலும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்து, வெளியே சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நின்று நின்று போனாலோ குளியலறைத் துளையில் நாற்றம் எதிர்த்து வந்தாலோ உடனே எழுதிக்கொள்ளுங்கள். கோடையில் வந்து பார்க்கிறவர் நன்றாகத்தானே போகிறது என்றுதான் சொல்வார்.

மற்றவை சீக்கிரம் முடியும். இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். கோலிக்குண்டைக் குளியலறைத் தரையில் வைத்தால் வாட்டம் எந்தப் பக்கம் என்று தானே உருண்டு காட்டும். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். மின்கசிவு தடுக்கும் சாதனத்தில் சோதனைப் பொத்தான் இருக்கும், அழுத்தியதும் கரண்ட் துண்டிக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள், நீங்களாக வயரைத் தொட வேண்டாம்.

எழுதிக் கொடுப்பது

கெடு முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போதே பட்டியல் அவர் கைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எண், அறை, சுவரின் திசை, முதலில் பார்த்த தேதி, படம். "பெட்ரூமில் ஒழுகுது" என்று எழுதாதீர்கள். "கிழக்குப் படுக்கையறை, வடக்குச் சுவர், ஜன்னலுக்கு இடப்புறம், கார்த்திகை 10ஆம் தேதி முதல் ஈரம், படம் 4" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதையே காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. குரலை உயர்த்தவும் தேவையில்லை. நாளைக்கும் அதே ஊரில், அதே கடைத்தெருவில் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம். தேதி போட்ட காகிதம் பேசட்டும்.

நகரவே மாட்டேன் என்றால் வழி இருக்கிறது. பதிவு பெற்ற திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஆணையம். தனிக் காண்ட்ராக்டர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கொடுத்துச் செய்த வேலைக்கு மனுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அந்த வடகிழக்கு மூலைக்கு நாங்கள் செலவழித்திருக்க மாட்டோம்.

சரிசெய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தம்பி வீட்டு மாடி ஒழுக்கைப் பங்குனியில் வந்து பூசினார்கள். பூசிய இடம் மழையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். "இந்த வேலைக்கு மட்டும் வரும் கார்த்திகை முடியும் வரை பொறுப்பு" என்று ஒரு வரி எழுதிக் கேட்டோம். அவர்களுடைய இன்ஜினியர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அடுத்த கார்த்திகையில் இரண்டு நாள் மழை அடித்து ஓய்ந்ததும் நானும் தம்பியும் டார்ச்சோடு ஏறிப் பார்த்தோம். மாடியில் ஓர் இடத்தில் மட்டும் கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. கீழே கூரை காய்ந்திருந்தது. அந்த இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, தேதி எழுதிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.